மலையேற மறுத்தவர்கள்

‘‘நல்ல பையன்தான்டா. படிப்பு இருக்கு, மூளை இருக்கு. ஆனா வேலைதான் செய்யமாட்டேங்கிறான். சொன்னா சரிங்கிறான். மறுநாள் பார்த்தா அப்படியே கிடக்கு. என்ன பண்றதுன்னே தெரியல.’’

இப்படிப் புலம்பிய என் நண்பன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேனேஜர். அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர். அதில் பதினோரு பேரைப் பற்றி அவன் பேசவே இல்லை. அந்த ஒருவன்தான் அவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தான்.

சொந்த ஊர் சின்னமனூர் பக்கம் என்பதால் பொங்கலுக்குக் கிளம்பியவன், என்னையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருந்தான். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பச்சைப்பசேல் பாதை முடிகிற இடத்தில் லோயர் கேம்ப். அதற்கு மேல் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். எதிரே பென்னிகுயிக் மணிமண்டபம். தேதி ஜனவரி 15. பென்னிகுயிக்கின் பிறந்தநாள். சிலைக்கு மாலைமேல் மாலை விழுந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பொங்கப்பானை, இன்னொரு பக்கம் குலவைச் சத்தம். வெள்ளைக்காரர் ஒருவரை இப்படிக் கொண்டாடுகிற ஊர்களை தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

‘‘சரியான இடத்துல நின்னுதான் புலம்புற’’ என்றேன் நண்பனிடம்.

‘‘ஏன்?’’

‘‘உன் தலைவலி இந்த மலைக்கும் இருந்தது. உனக்கு ஒருத்தன். அவங்களுக்கு ஒரு பள்ளத்தாக்கே மலையேற மாட்டேன்னு சொல்லிடுச்சு. அதனால ஒரு அணைக்கட்டு வேலையே நின்னுபோச்சு.’’

அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

*

முதலில் கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டுகிற மழை முழுக்க பெரியாறாக மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுகிறது. மலைக்குக் கிழக்கே மழை மறைவுப் பிரதேசம். வைகையில் பாதி நாள் மணல்தான் ஓடும். மேற்கே போகிற தண்ணீரைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டால் என்ன? யோசனை ரொம்பப் பழசு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை இதற்காக ஆள் அனுப்பிப் பார்த்தார். பணம் இல்லாததால் கைவிட்டார்.

1808-ல் கேப்டன் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மலைக்குப் போய்ப் பார்த்தார். இது நடக்கிற காரியமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். பிறகு நாற்பது வருடம் யாரும் பெரிதாக வாயைத் திறக்கவில்லை.

1850-ல்தான் முதல் முயற்சி. பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்புவதற்குச் சிறிதாக ஒரு மண் அணை. வேலை ஆரம்பித்தார்கள். ஆட்களும் போனார்கள். கொஞ்ச நாளில் வேலை நின்றுபோனது.

ஏன்?

தொழிலாளிகள் கூலி அதிகம் கேட்டார்கள். அந்த இடம் உடம்புக்கு ஆகாது என்றார்கள். வேலை கைவிடப்பட்டது. அணையின் வரலாற்றில் இந்தச் சம்பவம் இப்படி ஓரிரு வரிகளில் முடிந்துபோகிறது.

அந்த வரிகளைத்தான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

*

1850-ல் அந்த வேலையைப் பொறுப்பேற்று நடத்தியவரின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் தயார். கருவிகள் தயார். மேலிடம் கேள்வி கேட்கிறது. ஆட்களோ வரமாட்டேன் என்கிறார்கள், வந்தவர்களும் கூடக் காசு கேட்கிறார்கள். உங்கள் வாயில் முதலில் என்ன வரும்? ‘சோம்பேறிகள்’, ‘பேராசை பிடித்தவர்கள்’, ‘இந்த ஊர்க்காரர்களுக்கு உழைக்கவே பிடிக்காது’. நான்காவதாக ஒன்று வருவதற்குள் உங்களுக்கே கோபம் தலைக்கேறியிருக்கும்.

இப்போது எழுந்து, எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள். நீங்கள் கம்பம் பக்கத்தில் ஒரு கூலிக்காரர். சமவெளியில், வெயிலில் வளர்ந்த உடம்பு. உங்களைக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்துக்கு ஏறச் சொல்கிறார்கள். பாதை கிடையாது. அடர்ந்த காடு, விடாத மழை, குளிர். காலெல்லாம் அட்டைப்பூச்சி. ராத்திரியில் யானை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போனவர்கள் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். மலைக்காய்ச்சல். சிலர் திரும்பி வரவே இல்லை.

உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது. கீழே நாற்று நடவு, களையெடுப்பு என்று ஏதோ கொஞ்சம் வேலையும் கிடைக்கிறது. இப்போது சொல்லுங்கள், மலையேறுவீர்களா? ஏறினால், கூடக் காசு கேட்பீர்களா, மாட்டீர்களா?

மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதற்கான முக்கியமான சான்றை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்ட் 20. நாம் பேசிக்கொண்டிருப்பது 1850. அதற்கு நாற்பத்தேழு வருடத்துக்கு முன்பு. காட்டுக் காற்றில், அழுகிய இலைகளின் ஆவியில் விஷம் இருக்கிறது என்று படித்தவர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம். கூலிக்காரருக்குக் கொசு பற்றித் தெரியாது. துரைக்கும் தெரியாது. ஆனால், ‘அந்த இடம் ஆகாது’ என்பது கூலிக்காரருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரனின் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அவர் வேலைக்கு வர மறுத்தது ஒரு தகவல். அந்த மலையைப் பற்றி எந்தப் பொறியாளரும் எழுதித் தராத அறிக்கை. அதைப் படிக்கத் தெரியாமல்தான் முதல் முயற்சி செத்துப்போனது.

*

வேலையில் ஒட்டாத ஆட்களை என்ன செய்வது? அந்தக் காலத்து அரசாங்கமும் முதலாளிகளும் கண்டுபிடித்த பதில் ரொம்ப எளிமையானது. ஜெயில்!

விளையாட்டில்லை. 1859-ல் பதின்மூன்றாவது சட்டம் என்று ஒன்று வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் வேலையைச் செய் என்று அவர் உத்தரவு போடுவார். இரண்டும் செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கவனியுங்கள், முதலாளி பேச்சு மாறினால் அது சிவில் வழக்கு. தொழிலாளி பேச்சு மாறினால் கிரிமினல் குற்றம். கல்கத்தா வியாபாரிகள் கேட்டு வாங்கிய சட்டம் இது. பிறகு தென்னிந்தியத் தோட்டத் துரைமார்களுக்கும் ரொம்பப் பிடித்துப்போனது.

பீர்மேடு, மூணாறு என்று மலைக்கு அந்தப் பக்கம் காப்பியும் தேயிலையும் போட ஆரம்பித்த காலம் அது. ஆட்கள் எங்கிருந்து? மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து. கூட்டி வருகிறவர் கங்காணி. ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், குடும்பத்தோடு மலைக்குக் கூட்டிப்போவார். அந்தக் கடன் கழிகிறவரை இறங்க முடியாது. கடனோ சுலபத்தில் கழியாது. இலங்கைத் தோட்டங்களில் இன்னும் ஒரு படி மேலே போய் ‘துண்டு’ என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். தொழிலாளி தலைமீது எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு அது. வேறு தோட்டத்துக்கு மாறவேண்டுமானால், அந்தக் கடனை அடைத்து அவரை எடுத்துக்கொள்ள அந்தத் தோட்டத்துக்காரர் சம்மதிக்கவேண்டும். மனிதரை விற்பதற்குக் கொஞ்சம் நாகரிகமான பெயர். 1921-ல்தான் அங்கே அது ஒழிந்தது. இங்கே 1859-ம் வருடத்துச் சட்டம் 1926 வரை உயிரோடு இருந்தது.

இதனால் ஆட்கள் ஆர்வமாக வேலை செய்தார்களா? ராத்திரியோடு ராத்திரியாக மலையிறங்கி ஓடினார்கள். பிடிபட்டால் அடி, தப்பினால் வேறு பெயரில் வேறு தோட்டம். ஆளைக் கட்டிப்போடலாம், வேலையைக் கட்டிப்போட முடியாது என்று புரிவதற்கு இத்தனை வருடம் ஆனது.

‘‘நாங்களும் மூணு மாச நோட்டீஸ் பீரியட் வெச்சிருக்கோம்டா’’ என்று நடுவில் சிரித்தான் நண்பன். சிரித்துவிட்டு உடனே சீரியஸாகிவிட்டான்.

*

மறுபடி பெரியாற்றுக்கு வருவோம்.

1876-ல் தாது வருஷப் பஞ்சம். சென்னை ராஜதானி முழுக்க லட்சக்கணக்கில் மனிதர்கள் செத்தார்கள். பஞ்சத்தால் கொஞ்ச நாள் ஒத்திப்போன பெரியாறு திட்டம், பஞ்சத்தாலேயே மறுபடி உயிர்பெற்றது. 1882-ல் மேஜர் ஜான் பென்னிகுயிக்கிடம் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருடக் குத்தகை ஒப்பந்தம். 1887-ல் வேலை ஆரம்பம்.

அதே மலை. அதே காய்ச்சல். அதே மழை. கீழே அதே பள்ளத்தாக்கு ஜனங்கள். 1850-ல் ஒரு சின்ன மண் அணையைக்கூட முடிக்க முடியாத இடத்தில், இந்தத் தடவை 1,200 அடி நீளத்துக்கு, அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியுமாக ஒரு அணையை எழுப்பவேண்டும். கூடவே ஒரு மைல் நீளத்துக்கு மேல் மலையைக் குடைந்து சுரங்கம் போடவேண்டும்.

எப்படி முடிந்தது? பென்னிகுயிக் ஒருவருடைய மன உறுதியால் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். உறுதி இருந்தது, சந்தேகமில்லை. ஆற்றைத் திருப்பினால்தான் அஸ்திவாரம் போட முடியும். திருப்புவதற்குப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடி போட்டார்கள். மறுபடி போனது. அரசாங்கம் கையை விரித்தபோது, மனைவியின் நகைகளையும் சொத்துகளையும் விற்றுக் கட்டினார் என்று இந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் திண்ணையில் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு ஆவணம் எதுவும் இல்லை என்பது ஆய்வாளர்கள் கட்சி. அந்தப் பஞ்சாயத்து இருக்கட்டும்.

என் கண்ணில் பட்டது வேறு விஷயம். இந்தத் தடவை ‘ஆள் எப்படி வருவான், எப்படித் தாங்குவான்’ என்பதையும் பொறியாளர்கள் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்திலேயே ராணுவத்திலிருந்து மதராஸ் பயோனியர்ஸ் படையின் முதலாவது, நான்காவது பட்டாலியன்களை வரவழைத்தார்கள். காட்டைத் திருத்தவும் பாதை போடவும் பழகியவர்கள். தச்சு வேலைக்குக் கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள். தண்ணீருக்குள் தடுப்பு கட்டுவது யாருக்குத் தெரியுமோ அவரிடம் அந்த வேலை. கீழேயிருந்து மேலே சரக்கு போகவேண்டும். எல்லாவற்றையும் மனிதர் தலையிலும் மாட்டு வண்டியிலும் ஏற்ற முடியாது. கம்பிவடத்தில் மலையேற்றினார்கள், தண்ணீரில் படகு விட்டார்கள். சேர்ந்தாற்போல் வருடம் பூராவும் வேலை வாங்க முடியாது என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். மழையும் காய்ச்சலும் விட்டுவைக்கிற மாதங்களில்தான் வேலை நகர்ந்தது.

1850-ல் தொழிலாளியின் புகாராக இருந்ததெல்லாம் 1887-ல் பொறியாளரின் கணக்கில் ஏறிவிட்டது. எனக்குத் தெரிந்தவரை, இரண்டு முயற்சிகளுக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசங்களில் இது ஒன்று. பணம் கூடுதல்தான், திட்டம் பெரிதுதான். ஆனால், மலையேற மறுத்தவனின் காரணத்தையும் திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார்களே, அதுதான் முக்கியம்.

1895 அக்டோபர் 10. கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைக்க, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலைக்குள் நுழைந்து கிழக்கே விழுந்தது.

*

இங்கேயே முடித்து, ‘ஆகவே நல்ல மேலாளராக இருங்கள்’ என்று கை கூப்பிவிடலாம். கதை அவ்வளவு சுத்தமில்லை.

முதல் விஷயம், சாராயம். அணையின் வேலையில் இருந்த மெக்கன்சி என்ற பொறியாளர் பின்னாளில் அந்தத் திட்டத்தின் வரலாற்றை எழுதினார். நாட்டுச் சாராயம் மட்டும் மருந்துபோலக் கைகொடுக்காவிட்டால் அணை முடிந்திருக்குமா என்பதே சந்தேகம் என்கிற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். குளிரில், ஈரத்தில், கழுத்தளவு அலுப்பில் இருந்தவர்களை அது நிற்கவைத்தது. வேலை நடந்தது. ஆனால் அதை ஊக்கம் என்று எந்த வாயால் சொல்வது? வலி தெரியாமல் இருக்க ஒரு வழி, அவ்வளவுதான். இந்தக் காலத்து அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் பீட்சாவும் கேக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு, சனி ஞாயிறு வேலைக்கு வரச் சொல்வதும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான்.

இரண்டாவது, பசி. 1850-ல் ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடிந்தவர்களுக்கு, தாது வருஷத்துக்குப் பிறகு அப்படிச் சொல்லத் தெம்பு இருந்திருக்குமா? பஞ்சம் பார்த்த தலைமுறை அது. மலையேறியவர்களில் எத்தனை பேர் விருப்பத்தோடு ஏறினார்கள், எத்தனை பேர் வயிறு தள்ளி ஏறினார்கள் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

மூன்றாவது, சாவு. அணை கட்டிய காலத்தில் நோயில் இறந்ததாகப் பதிவாகியிருப்பவர்கள் மட்டும் 483 பேர். அணைக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். காய்ச்சலோடு ஊர் திரும்பி, வீட்டுத் திண்ணையில் கிடந்து செத்தவர்களை அந்தக் கணக்கில் யார் சேர்த்திருப்பார்கள்? பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர் இருக்கிறது. 2022-ல் இங்கிலாந்தில் கேம்பர்லியிலும் தமிழ்நாடு அரசு சார்பில் சிலை வைத்தாயிற்று. எல்லாம் தகும். அந்த 483 பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

ஆக, 1887-ல் பாதிதான் கற்றுக்கொண்டார்கள். மீதிப் பாதியை உலகம் மெதுவாகக் கற்றுக்கொண்டது.

*

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டுக்கும் இதே தலைவலி வந்தது. 1913-ல் அவருடைய கார் தொழிற்சாலையில் சுமார் 14,000 பேர் வேலை பார்த்தார்கள். அந்த 14,000 இடத்தை நிரப்பி வைத்திருக்க, அந்த ஒரே வருடத்தில் 50,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்கவேண்டியிருந்தது! வருவதும் போவதுமாக இருந்தார்கள். நாள் முழுக்க ஒரே திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ஒட்டும்?

1914 ஜனவரியில் ஃபோர்டு அறிவித்தார். ஒன்பது மணி நேர வேலை எட்டு மணி நேரமாகும். தினக்கூலி சுமார் இரண்டரை டாலரிலிருந்து ஐந்து டாலராகும். மற்ற முதலாளிகள் அவருக்குப் பைத்தியம் என்றார்கள். ஆனால், ஓடுகிற ஆட்கள் நின்றார்கள். உற்பத்தி ஏறியது. அதோடு அவரும் சும்மா இருக்கவில்லை. தொழிலாளி வீட்டில் குடிக்கிறாரா, சுத்தமாக இருக்கிறாரா என்று பார்க்க ஆள் அனுப்பினார். கூலி கொடுத்த கையோடு அவர் வீட்டு அடுப்படி வரைக்கும் மூக்கை நுழைத்தார். அதுவும் ரொம்ப நாள் செல்லுபடியாகவில்லை.

1960-ல் டக்ளஸ் மெக்ரிகர் என்ற பேராசிரியர் இந்த விவகாரத்தைச் சுலபமாக உடைத்துச் சொன்னார். மேலாளர்கள் மனசுக்குள் இரண்டு நம்பிக்கைகளில் ஒன்று இருக்கிறது. ‘மனுஷனுக்கு இயல்பிலேயே வேலை பிடிக்காது, மிரட்டினால்தான் நடக்கும்’ என்பது ஒன்று. ‘சரியான சூழல் கொடுத்தால் அவனே பொறுப்பை எடுத்துக்கொள்வான்’ என்பது இன்னொன்று. எந்த நம்பிக்கையோடு ஆளை நடத்துகிறீர்களோ, அந்த மாதிரி ஆளைத்தான் கடைசியில் பார்ப்பீர்கள் என்பது அவர் வாதம். ஓடாமல் இருக்க வேலி போட்டால், வேலியைத் தாண்ட வழி தேடுவதே அவன் முழுநேர வேலையாகிவிடும்.

நம் நாட்டில் 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு வீடு, குடிதண்ணீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் தோட்ட முதலாளி தரவேண்டிய கடமை என்றது. ‘அந்த இடம் உடம்புக்கு ஆகாது’ என்று 1850-ல் பெரியாற்றங்கரையில் கேட்ட புகார், சட்டப் புத்தகத்தில் ஏற நூற்றியொரு வருடம் ஆகியிருக்கிறது.

*

‘‘அப்ப சோம்பேறியே உலகத்துல கிடையாதுங்கிறியா?’’ என்றான் நண்பன்.

நியாயமான கேள்வி. உண்டு, தாராளமாக உண்டு. எல்லாம் செய்து கொடுத்தும் நகராத ஆள் எல்லா ஆபீசிலும் ஒருவர் இருப்பார். அவரோடு உட்கார்ந்து நேராகப் பேசத்தான் வேண்டும். பேசியும் நடக்காவிட்டால் அனுப்பத்தான் வேண்டும். பதினோரு பேர் சுமக்கிற பாரத்தையும் பார்க்கணும் இல்லையா? ஆனால், ‘இவனுக்கு என்ன கேடு?’ என்பது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. அதை நாம் முதலில் கேட்கிறோம். ‘நாம் இவனை ஏறச் சொல்கிற மலையில் என்ன இருக்கிறது?’ என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்பதில் ஒரு சங்கடம். பதில் சில சமயம் நம் மேலேயே வந்து விழும்.

‘‘அந்தப் பையன் எப்போலேர்ந்து இப்படி?’’ என்று கேட்டேன்.

யோசித்தான். ‘‘போன வருஷம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தான். ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்காருவான். ஆறு மாசம் ஒரு ப்ராஜெக்ட் பண்ணினான். கிளையன்ட் வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டாங்க. அடுத்து இன்னொண்ணு கொடுத்தோம். அதுவும் பாதியில நின்னுபோச்சு...’’

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

‘‘இதையெல்லாம் அவன்கிட்ட உட்கார வெச்சு யாராவது சொன்னீங்களா? உன் வேலை நல்லாத்தான் இருந்தது, வேற காரணத்துக்காக நின்னுபோச்சுன்னு?’’

‘‘மெயில் போச்சு’’ என்றான் மெதுவாக. ‘‘பொதுவா, எல்லாருக்கும்.’’

கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போன தடுப்பு. பென்னிகுயிக் மறுபடி கட்டினார் என்று பெருமையாகச் சொல்கிறோம். எதற்காகக் கட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியும். அணையின் முழுப் படமும் அவர் மேஜையில் இருந்தது. கல் சுமந்தவருக்கு அந்தப் படத்தை யார் காட்டினார்கள்? அந்தப் பையனுக்கு யார் காட்டினார்கள்?

*

மறுநாள் விடிவதற்கு முன்னால் கம்பத்தில் ஒரு டீக்கடையில் நின்றோம். குமுளிப் பக்கமும் கம்பம்மெட்டுப் பக்கமும் போகிற ஜீப்கள் வரிசையாக நின்றன. பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பாதிக்கு மேல் பெண்கள். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. தினமும் மலையேறி, தினமும் இறங்குகிறார்கள்.

ஒரு ஜீப் நிரம்பி வழிந்தது. பக்கத்தில் இன்னொன்று, பாதிதான் நிரம்பியிருந்தது. டிரைவர் கூவிக்கொண்டே இருந்தார். யாரும் ஏறவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் நண்பன் கேட்டான், ‘‘ஏன்க்கா, அந்த வண்டி காலியாத்தான இருக்கு? அதுல போகலாமே?’’

‘‘அந்தத் தோட்டத்துக்கா? அங்கிட்டுப் போறதில்ல தம்பி.’’

‘‘கூலி கம்மியா?’’

‘‘கூலியெல்லாம் ஒண்ணுதேன். ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. மழை பெஞ்சா நிக்க எடம் கிடையாது. கங்காணிக்கு வாய் வேற சரியில்ல. அவருக்கு ஆளு வரலைன்னா, ஊர்ல எல்லாம் சோம்பேறியாயிட்டாங்கன்னு சொல்லுவாரு. சொல்லிட்டுப் போகட்டும்.’’

கிளாஸை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிரம்பி வழிந்த ஜீப்பில் எப்படியோ இடம் பிடித்து ஏறிக்கொண்டார். வண்டி மலைப் பக்கம் திரும்பியது.

நண்பன் செல்போனை எடுத்தான். மணி ஐந்தரை. ‘‘இப்ப கூப்பிட்டா தூங்கிட்டு இருப்பான்’’ என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அந்தப் பையனைக் காபி சாப்பிடக் கூட்டிப் போனதாகச் சொன்னான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசினார்களாம். அதில் முக்கால்வாசி நேரம் பேசியது பையன்தானாம்.